கடைசி அறையில் ஏழு ராணிகள்

"பேத்தியைப் பார்க்க வர்றவங்களை எறும்புக்காகத் திருப்பி அனுப்புறீங்களே, இது உங்களுக்கே நல்லாருக்கா?"

மனைவி சீறியதற்குக் கடிகாரக் கடைக்காரர் அசரவில்லை. கடைசி அறைக் கதவில் தான் ஒட்டிய அட்டையைக் காட்டினார்.

'எறும்பு ராணிகள். கதவைத் திறக்காதீர். பேசாதீர்.'

இரண்டு வாரத்துக்கு முன், மழை விட்ட சாயங்காலம், ஜோடி சேரப் பறந்த இறக்கை எறும்புகள் மொட்டை மாடியெல்லாம் விழுந்தன. மனிதர் ஏழு எறும்புகளைப் பொறுக்கி, தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் ஈரப் பஞ்சோடு அடைத்தார். கடிகார லென்ஸைக் கண்ணில் மாட்டிப் பார்த்து, "ஏழும் ராணி!" என்று அறிவித்தார். இறக்கை இருந்தால் ராணி என்பது அவர் கணக்கு. எந்த வகை என்று கேட்டு, பூச்சிகளைப் படித்த பேராசிரியர் ஒருவருக்குப் படமும் அனுப்பினார்.

ராணி முட்டையிட இருட்டும் அமைதியும் வேண்டுமாம். வீட்டில் அப்படி இருப்பது கடைசி அறை ஒன்றுதான். பிரசவமாகி ஒரு மாதமான மருமகளும் குழந்தையும் இருப்பது அதே அறையில்!

"பச்சைப் புள்ள இருக்கிற ரூம்ல எறும்பு! ஊரே சிரிக்குது."

"மூடின குழாய்தானே. மெல்லப் பேசு."

நேற்று மனைவியின் சொந்த அக்காவையே, "முட்டை போடற நேரம், நாளைக்கு வாங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டார். அவளுக்கு மானமே போய்விட்டது. இன்று அக்கா மறுபடி வருகிறாள்.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, எறும்புகளைக் குப்பையில் கொட்டிவிடும் முடிவோடு கதவைத் திறந்தாள்.

குழாய்களை மூடியிருந்த கறுப்புத் துணியை விலக்கினாள். ஏழு குழாயும் காலி.

பின்னாலேயே ஈரத் தலையோடு ஓடி வந்தார் அவர்.

"என்னங்க இது?"

"ஷ்ஷ்... தலை சின்னது, கண்ணு பெருசு, அத்தனையும் ஆண்னு பேராசிரியர் எழுதிட்டார். அதுங்களுக்கு ஆயுசு கம்மியாம். செத்துப் பத்து நாளாச்சு."

"அப்புறம் எதுக்கு அட்டை?"

அவர் கட்டிலைக் காட்டினார். மருமகள் வாயைப் பிளந்தபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரியெல்லாம் குழந்தை தூங்க விடறதில்ல. பகல்ல நம்ம சொந்தக்காரங்க. அவ தூங்கணும்னு சொன்னா யாரு கேக்கறாங்க? எறும்புன்னா, பைத்தியம்னு திட்டிட்டாவது போயிடறாங்க."

அவள் மருமகளின் போர்வையைச் சரிசெய்தாள்.

வாசலில் அக்காவின் குரல் கணீரென்று கேட்டது. அவள் ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டு ஓடினாள்.

"மெதுவா பேசுக்கா! ராணிக்கு இப்பத்தான் இடுப்பு வலி எடுத்திருக்கு!"