தேநீர் குடிக்கப் போகாதவர்கள்

ரூபினியின் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. திடலோரப் பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்த இடத்திலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

கீழே திடலில் பன்னிரண்டு பெண் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி முடிய இன்னும் பத்து நிமிடம்.

ஏழு சனிக்கிழமையாக நடக்காதது இன்று நடந்துவிட்டது. கோச் தயானந்தன் ஸ்டோர் ரூமைத் திறந்து, தைலப் புட்டியை உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

பெற்றோர் யாரும் பார்க்கவில்லை. அவர்கள் வழக்கம்போல ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். "சார் பெத்த அப்பன் மாதிரி" என்பார்கள். பிள்ளையை அவர் கையில் ஒப்படைத்த பிறகும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் மரியாதைக் குறைவாம். நல்ல மரியாதை!

போகாதவர்கள் இரண்டே பேர். ரூபினி, பக்கத்தில் விஜிதா அக்கா.

முதல் வாரம் அக்காதான் பேச்சுக் கொடுத்தார், உங்கள் பிள்ளை எது என்று. ரூபினி அவசரத்தில் ஒரு சிவப்பு ரிப்பனைக் காட்டிவைத்தாள். அவளுக்கேது பிள்ளை? கல்யாணமே ஆகவில்லை. அந்த ஆள் மறுபடியும் பயிற்சி கொடுக்க வந்துவிட்டான் என்று பேஸ்புக்கில் படம் பார்த்த நாளிலிருந்து, தம்போயிலிருந்து சிம்பாங் ரெங்கம் வரை காரை ஓட்டிக்கொண்டு வந்து இப்படி உட்கார்ந்திருக்கிறாள்.

அக்கா காட்டியது ஒரு நெட்டைப் பிள்ளையை. அது ஒரு தடவைகூட மேலே ஏறி வந்து தண்ணீர் கேட்டதில்லை. பெரிய பிள்ளை, அம்மாவோடு சேர்ந்து நிற்க வெட்கம் போலிருக்கிறது என்று ரூபினி நினைத்துக்கொண்டாள்.

இப்போது அந்த நெட்டைப் பிள்ளைதான் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டியது. கோச் அதன் தோளைத் தட்டி, ஸ்டோர் ரூமைக் காட்டினார்.

 இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று ரூபினிக்குத் தோன்றியது.

சொன்னாள். காரில் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. வந்ததெல்லாம் தலையும் காலும் இல்லாமல் வந்தது. தைல வாடை. கதவில் தொங்கிய பச்சை மழைக்கோட்டு. அதன் பொத்தான்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே கிடந்தது. மாவட்டப் போட்டிக்கு முந்திய வாரம். வயது பதிமூன்று. நடந்ததற்கு என்ன பெயர் என்று அன்று தெரியாது. இன்று தெரிந்தும் வாயில் வரவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, சார் போய் அப்படிச் செய்வாரா என்று கேட்டுவிட்டு அம்மா தட்டில் சோறு போட்டாள். அதோடு சரி. பதினைந்து வருடம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"உங்க பிள்ளைய உள்ள விடாதீங்கக்கா."

விஜிதா அக்கா குனிந்து செருப்பைக் கழற்றினார்.

அடிக்கத்தான் போகிறார் என்று ரூபினி முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சாரைப் பற்றித் தப்பாகப் பேசினால் இந்த ஊரில் வேறென்ன கிடைக்கும்?

அக்கா இரண்டு செருப்பையும் ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தார். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அது என் பிள்ளை இல்லமா. நான் இவரோட தொண்ணூத்தாறு பேட்ச்."

ரூபினிக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் கால் ஆடுவது நின்றுவிட்டது.

கீழே கோச் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை நொண்டி நொண்டி அவரிடம் போய்க்கொண்டிருந்தது.

இறங்க இருபத்தாறு படி. அதற்கப்புறம் அரைச் சுற்று தூரம்.

இரண்டு பேருக்கும் ஓடச் சொல்லிக்கொடுத்ததே அந்த ஆள்தான்.