திருப்பத்துக் குழாய்

“எங்க வீட்டு வாசல்ல மட்டும் குழாய் வேண்டாங்க, சார்.”

ஓவர்சியர் இருதயநாதன் கையிலிருந்த அளவு நாடாவை நழுவவிட்டார். பாலக்கரைப் பக்கம் சந்து சந்தாகத் தெருக்குழாய் போட்டுக்கொண்டு வருகிறார். எங்கள் வாசலில் போடுங்கள் என்று கெஞ்சியவர்கள் உண்டு. காபி கொடுத்துக் குழைந்தவர்கள் உண்டு. தாசில்தார் எனக்குச் சித்தப்பா முறை என்று மிரட்டியவர்கள்கூட உண்டு. வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் இந்தப் பவுனம்மாள்தான்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இந்தச் சந்துக்கே ஒரு குழாய்தான். பிளான்ல உங்க வாசல்னுதான் இருக்கு.”

“யோசிச்சாச்சுங்க. அதோ, அந்தத் திருப்பத்துல வேப்பமரத்துக்கிட்ட போட்டுடுங்க.”

வைகாசி வெயிலில் சந்து கண்ணயர்ந்து கிடந்தது. இருதயநாதன் வேப்பமரத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவருடைய பழைய வியாதி வந்துவிட்டது. குழாய் போடும் முன்பே தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வியாதி. கம்பரசம்பேட்டை நீரேற்று நிலையத்தில் புறப்பட்ட காவிரி, தெருக்களுக்கு அடியில் இருட்டில் நடந்து வந்து, ஒவ்வொரு சந்தாக எட்டிப் பார்ப்பது போல அவருக்குத் தோன்றும். “சோத்துல கை வெச்சுக்கிட்டே எங்க போயிட்டீங்க?” என்று மனைவி அக்னஸ் தினமும் கேலி செய்வாள்.

இப்போதும் போய்விட்டார். மர நிழலில், இல்லாத குழாயிலிருந்து இல்லாத தண்ணீர் கொட்டியது. சுற்றிலும் பெண்கள். இந்தச் சந்தில் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் முழுக்க மாதா கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள். இந்தப் பக்கத்துக்காரர்கள் அவர்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் இருதயநாதனின் கனவுக் குழாயடியில் யார் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. எல்லார் இடுப்பிலும் ஒரே மாதிரி குடம், ஒரே மாதிரி ஈரம். அந்த இடம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

“ஏண்டி, வாசல் தேடி வர்ற மகாலட்சுமியை வேண்டாங்கிறியே, புத்தி பிசகிப் போச்சா?”

கனவைக் கலைத்தது பவுனம்மாளின் கணவர் அம்மாசி. காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். குரலும் மண்டிக்காரர் குரல்தான்.

பவுனம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இங்க போட்டா, திருப்பத்துக்கு அந்தாண்ட இருக்கறவங்களும் குடத்தைத் தூக்கிட்டு நம்ம வாசலுக்குத்தான் வருவாங்க. விடிஞ்சா அவங்க முகத்துலதான் நீங்க முழிக்கணும். சம்மதமா?”

அம்மாசியின் முகம் சட்டென்று இறுகியது. “அங்கேயே போட்டுடுங்க, சார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இருதயநாதனுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நானும் அந்தாண்ட ஆள்தான் அம்மா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். கோபம் மட்டும் உள்ளே போகவில்லை.

“பிளானை மாத்த முடியாதும்மா. உங்க வாசல்லதான் வரும். யார் வேணா வந்து பிடிக்கட்டும்.”

பவுனம்மாளின் முகம் வெளுத்தது. ஒருமுறை வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சார், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். இங்க மட்டும் போட்டுடாதீங்க. அந்தத் திருப்பத்துலயே போட்டுக் குடுங்க.”

கண் கலங்கியிருந்தது. அழுகிற அளவுக்கா எங்கள்மேல் வெறுப்பு என்று இருதயநாதனுக்கு மனம் கசந்தது. ஆனால் தொழில் தொழில்தானே. திருப்பம் பள்ளமான இடம். அங்கே தண்ணீர் இன்னும் நன்றாக வரும். சாயங்காலமே எஞ்சினீயரிடம் பேசி இடத்தை மாற்றினார். மனிதர்கள் எப்படியிருந்தால் என்ன, தண்ணீராவது ஒழுங்காக ஓடட்டும்.

ஆடி மாதத்தில் ஒரு காலையில் தண்ணீர் வந்தது. குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, யாரோ பூச்சரமும் சுற்றியிருந்தார்கள். இருதயநாதன் திறந்துவிட்டார். முதலில் இருமியது, பிறகு செம்மண்ணாகத் துப்பியது, அப்புறம் வெள்ளையாகக் கொட்டியது. அந்தச் சத்தத்தில் அவர் மறுபடி கொஞ்சம் சொக்கிப்போனார்.

இரண்டு பக்கத்துப் பெண்களும் வந்தார்கள், இடித்துக்கொண்டார்கள், சண்டை போட்டார்கள், சிரித்தார்கள். பவுனம்மாள் மட்டும் வெறும் குடத்தோடு ஒதுங்கி நின்றாள். அவள் முறை வந்தபோதெல்லாம், “நீங்க பிடிங்க” என்று அடுத்தவளை முன்னால் அனுப்பினாள். தொட்டால் தீட்டோ என்று நினைத்தார் இருதயநாதன். கூட்டம் கலைந்ததும் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்.

“எல்லாரும் தொட்ட குழாய்ம்மா. நீங்க பிடிக்கலாமா?”

அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. எதிரே இருந்த ஓட்டுவீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. நிறைமாத வயிற்றோடு ஓர் இளம்பெண் குடத்துடன் மெல்ல இறங்கி வந்தாள். கழுத்தில் சிலுவை வைத்த தாலி. பவுனம்மாள் ஓடிப்போய் அந்தக் குடத்தைப் பிடுங்கிக் குழாயடியில் வைத்தாள். பிறகு தண்ணீர் நூலாக விழும் அளவுக்குக் குழாயைத் திருகிக் குறைத்தாள். குடம் நிறைய வெகுநேரம் ஆகும்.

அந்தப் பெண் பவுனம்மாளின் வீட்டுப் பக்கம் பயத்துடன் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அப்பா எப்படிம்மா உன்னை இங்க விட்டாரு?”

பவுனம்மாள் அவள் கன்னத்தைத் தடவினாள். “மகளைப் பாக்கப் போறேன்னாத்தான்டி காலை ஒடிப்பேம்பாரு. தண்ணிக்குப் போறேன்னேன், குடத்தை அவரே எடுத்துக் கையில குடுத்தாரு.”