மரவள்ளிப் பொன்னாடை

மரவள்ளி மாவில் செய்த பிளாஸ்டிக் தொட்டாலே கிழிகிறது என்ற குறையை ஐந்து வருடம் உழைத்துத் தீர்த்தவள் ஆய்வு மாணவி பூங்கோதை. வளைவதற்குக் கிளிசரின், கிழியாமலிருக்க வாழைநார்த் தூள், கரையாமலிருக்க எலுமிச்சை அமிலம். பாராட்டு விழா அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் குலோத்துங்கனுக்கு. துணிப் பொன்னாடை வேண்டாம், நம் மாவிலேயே ஒன்று செய் என்று அவர்தான் சொன்னார். முழுதாகக் காய்வதற்கு முன்புதான் அது மடியும் என்பதால் ஈரத்தோடு போர்த்தினார்கள். நான்கு பேர் வாழ்த்திப் பேசுவதற்குள் மேடை விளக்கின் சூட்டில் அது இறுகிவிட்டது. அவருடைய இரண்டு கைகளும் உள்ளே இருந்தன. அவர் கைகட்டி அமர்ந்திருக்கும் பணிவைப் பார்த்துச் சபை கைதட்டியது.

பூங்கோதை ஆய்வேட்டோடு மேடையேறிக் குனிந்தாள். “சார், உங்க கையெழுத்து. அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிருவாங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள்.”

“கையே வெளிய வரலம்மா. கிழிச்சு எடு.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். “கிழியாது சார்.”

“தண்ணி ஊத்து.”

“கரையாது சார். மூணாவது அத்தியாயத்துல இருக்கு. நீங்க படிக்கலையா?”

“பேனாவ வாயில வைம்மா” என்றார்.

வைத்தாள். ஆய்வேட்டை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். மணி நாலே முக்கால். பேனா முனை காகிதத்தைத் தொடப்போகும்போது, ஏற்புரை வழங்க ஐயா வருவார் என்று ஒலிபெருக்கி அறிவித்தது.

அவருடைய ஏற்புரை ஒரு மணி நேரத்துக்குக் குறைந்ததே இல்லை.

பேராசிரியர் பேனாவைத் துப்பிவிட்டு எழுந்தார்.