கறுப்புத் துணி

"தராசு பூஜ்யத்துல நிக்கலை சார். முதல்ல அதைச் சரி பண்ணுங்க."

பழைய நகை வாங்கும் கடை அது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். காத்திருந்தவர்களும் பார்த்தார்கள். ரெண்டு வளையலை விற்க வந்தவருக்கு இவ்வளவு அதிகாரமா என்று ஒருவர் முணுமுணுத்தார்.

வந்தவர் கண்டுகொள்ளவில்லை. மகளுக்கு ஆபரேஷன். சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் பணம் கட்டியாக வேண்டும். அங்கே குழாயடியில் சோப்புப் போட்டு, மனைவி கையிலிருந்து கழற்றிக் கொடுத்த வளையல்கள் அவை.

"அழுக்கு நிறைய இருக்கே சார்."

"அழுக்கில்லை, காய்ஞ்ச சோப்பு." சட்டை நுனியால் அவரே துடைத்துக் கொடுத்தார்.

கடைக்காரர் மேஜைமேல் ஒரு கறுப்புத் துணியை விரித்தார். அரத்தை எடுத்து வளையலைத் தேய்க்கப் போனார்.

"துணி வேண்டாம், வெள்ளைத் தாள் போடுங்க. துணியில விழுற தூளை அப்புறமா உதறி நீங்க எடுத்துக்குவீங்க. அதுவும் என் தங்கம்தான்."

"சாருக்குத் தொழில் தெரியுமோ?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

பக்கத்து நாற்காலிப் பெண் இதையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில், கைக்குட்டையில் முடிந்த ஒரு சங்கிலி.

"அண்ணா, எனக்கும் கொஞ்சம் பேசிக் குடுங்களேன். வீட்டுக்காரர் போனப்புறம் எனக்கு ஒண்ணும் புரியலை. கடைசியா இது ஒண்ணுதான் இருக்கு" என்றாள் மெதுவாக.

அவர் அவள் பக்கம் திரும்பியதுதான் தாமதம். 'டக்' என்று சத்தம் கேட்டது. கடைக்காரர் ஒரு வளையலை வெட்டியிருந்தார்.

"யாரைக் கேட்டு வெட்டினீங்க?"

"உள்ளே அரக்கு இருக்கான்னு பாக்க வேணாமா? அழுக்கு, அரக்கு, பத்தவைச்ச இடம் எல்லாம் கழிக்கணும் சார். எல்லாக் கடையிலயும் இதுதான் வழக்கம்" என்றவர், ஒரு தொகையைச் சொன்னார்.

உள்ளே கூடான நகையில்தான் அரக்கு அடைப்பார்கள்; கெட்டி வளையலில் அது எங்கிருந்து வரும்? பகல் கொள்ளை. ஆனால் வெட்டுப்பட்ட வளையலோடு அடுத்த கடை ஏறினால், எவனோ வேண்டாமென்று தள்ளிய சரக்கு என்று அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். நேரமும் இல்லை. அவர் கத்தினார், பிறகு கெஞ்சினார், கடைசியில் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக் கணக்கில் துண்டு விழுந்தது.

வாசலுக்கு அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள்.

"இங்க விக்காதம்மா. அடுத்தவன் கஷ்டத்துல கை நனைக்கிற பசங்க. வேற நல்ல இடமாப் பாத்துப் போ." சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அங்கிருந்து நேராக, நாலு தெரு தள்ளி, தான் வேலை பார்க்கும் இடத்துக்கு வந்தார். அதுவும் பழைய நகை வாங்கும் கடைதான். உரசிப் பார்த்து எடை போடுவது அவர் வேலை.

"நம்ம கடையிலயே வித்திருக்கலாமேய்யா?" என்றார், நடந்ததைக் கேட்ட முதலாளி.

இங்கே எடை போடுகிறவருக்கு, என்ன கிடைக்கும் என்று தெரியாதா?

"முதலாளி, இன்னும் கொஞ்சம் பணம் வேணும். குழந்தைக்கு..."

"கடன் கிடன்னு கேக்காதே. கழிவுல உனக்குப் பங்கு உண்டுல்ல? வர்ற நகையில நல்லாக் கழி. சாயங்காலமே கையில தர்றேன்."

தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவு திறந்தது.

"அண்ணா, நீங்களா!"

கைக்குட்டைப் பெண்தான். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"எங்க போறதுன்னு தெரியாம சுத்திட்டு இருந்தேன். நீங்க இருக்கும்போது இனி எனக்கென்ன பயம்?" முடிச்சை அவிழ்த்து, சங்கிலியை அவர் கையிலேயே வைத்தாள்.

பின்னால் முதலாளி தொண்டையைச் செருமினார். அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவிதான், ஆஸ்பத்திரியிலிருந்து.

இழுப்பறையைத் திறந்து, கறுப்புத் துணியை எடுத்து விரித்தார்.

"அழுக்கு, அரக்கு, பத்தவைச்ச இடம் எல்லாம் கழிக்கணும்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "எல்லாக் கடையிலயும் இதுதான் வழக்கம்."

சங்கிலியில் ஏது அரக்கு என்று கேட்க அவளுக்குத் தெரியவில்லை.

"நீங்க சொன்னாச் சரியாத்தாண்ணா இருக்கும்" என்றாள்.