இத்தாலி பல்பு

பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பல்பைப் பார்க்க வேண்டும் என்பதுதான் சிவசண்முகத்தின் ஆசை. அவர் வீட்டுக் கூடத்தில் மூடியில்லாமல் கயிற்றில் தொங்கிய பன்னிரண்டு குண்டு பல்புகளும் இத்தாலியிலிருந்து வந்தவை. அவற்றில் வெளிச்சத்தைத் தவிர எல்லாம் இருந்தது.

"கரண்டு வேலை இன்னும் முடியலீங்களா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"இதுதாங்க டிசைன். கலைங்க இது."

"அப்படீங்களா? எங்க மாட்டுக் கொட்டாய்லயும் இதே கலைதானுங்க" என்றவள், காபித் தட்டோடு வந்து நின்ற சிவசண்முகத்தின் மகள் நிவேதிதாவின் முகத்தில் செல்போன் டார்ச்சை அடித்து, நெற்றியிலிருந்து தாடை வரை நிதானமாக இறக்கினாள். சிவசண்முகம் அப்போதும் பல்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிவேதிதா தட்டை அப்பாவின் மடியில் வைத்தாள். "குடுங்க அத்தை" என்று போனை வாங்கி, மாப்பிள்ளை பக்கம் திருப்பினாள்.

"கொஞ்சம் நிமிருங்க."

அந்த வெளிச்சத்தில்தான் சிவசண்முகமும் மாப்பிள்ளையை முதன்முதலாகப் பார்த்தார்.