சும்மா இருக்கிற வேலை

அப்பா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்துக்கொண்டிருந்தார்.

“ஸ்கூல் முடிச்சிட்டு ஒரு வருஷம் சும்மா இருக்கப் போறியா?”

“மூளைக்கு ரெஸ்ட் வேணும்ப்பா. அடுத்த வருஷம் காலேஜ் போறேனே,” என்றாள் மகள்.

“வீட்ல சும்மாவே கிடந்தா மூளை மழுங்கிடும்! உங்கம்மாவையே பாரு!”

அம்மா அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு, இரண்டு சாப்பாட்டு டப்பாக்களை மூடிவிட்டு, கட்டிலுக்கடியில் குனிந்து அவருடைய இன்னொரு காலுறையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“நீயாவது வாயைத் திறந்து சொல்லேன்!”

“நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க.” அம்மா காலுறையை அவர் கையில் கொடுத்தாள். இரண்டாவது டப்பாவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“அதான் நான் காலேஜ்ல சேர்ந்துட்டேன். இன்னிக்குதான் முதல் நாள். என்னோட சும்மாவை அப்பாவும் பொண்ணும் பங்கு போட்டுக்கோங்க.”