கோடு போடாத மோதிரம்

"வைரம்னா வைரம்தான்! இவரு பிரெஞ்சுப் பட்டாளத்துல இருக்கையில பாரிசுல வாங்கினது. எங்கள என்னா கண்ணாடி விக்கிறவங்கன்னு நெனச்சீங்களா?"

மாப்பிள்ளையின் அம்மா சலோமி போட்ட சத்தம் தலத்தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுக் குஞ்சம்மா அடுப்பை அணைத்துவிட்டே வந்து நின்றாள்.

பெண்ணின் அப்பா லூர்துநாதன் நிச்சய மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மினுக்கு பத்தலயேம்மா. மாப்பிள்ளைக்கு வேலையே கெட்டி பாக்குறதுதான? அவரே பாத்துச் சொல்லட்டும்."

மைக்கேல்ராஜுக்கு டைல்ஸ் கம்பெனியில் வேலை. டைல்ஸின் பளபள மேல்பூச்சைக் கல்லால் கீறிப் பார்ப்பான். பூச்சைவிடக் கெட்டியான கல் கோடு போடும், மற்றது வழுக்கும். வைரம் கீறாத டைல்ஸே கிடையாது. நிச்சயத்துக்கு வந்தவன் பையிலும் ஒரு டைல்ஸ் இருந்தது. அவ்வளவு தொழில்பக்தி!

"வேணாம் மாமா" என்று நெளிந்தான்.

"கீறுடா! நம்ம மானம் என்னான்னு தெரியட்டும்" என்றாள் சலோமி.

மோதிரத்தைக் கவிழ்த்து, கல்லை டைல்ஸ் மேல் படிய வைத்துத் தேய்த்தான். துடைத்தான். உற்றுப் பார்த்தான். முகம் தொங்கிப்போயிற்று.

"கோடு விழலம்மா."

"கேட்டீங்களா சம்பந்தி?" என்ற லூர்துநாதன், "சம்பந்தி என்னா சம்பந்தி, கெளம்புங்க!" என்று பழத்தட்டை வாசலுக்குத் தள்ளினார்.

சலோமி புருஷன் பக்கம் திரும்பினாள். "இத்தனை வருஷமா கண்ணாடியவா என் விரல்ல மாட்டி வச்சிருந்தீங்க?"

"கடைக்காரன் சத்தியம் பண்ணுனானேடி..." என்றார் யாகப்பன்.

மோதிரத்தை மகனிடம் விட்டெறிந்தாள். "கொண்டுபோயி வாய்க்கால்ல வீசு!"

பணிவான பிள்ளை. எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த தையில் பெண் டெய்சி நாகப்பட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். யாகப்பனின் காப்பியில் இன்றுவரை சர்க்கரை விழவில்லை. மைக்கேல்ராஜ் கூட வேலை பார்த்த கல்யாணசுந்தரியைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு திருமலைராயன்பட்டினத்தில் குடியேறினான்.

பால் காய்ச்சிய அன்று யாரும் கூப்பிடாமலே போய் நின்ற குஞ்சம்மாவின் கண், புதுப்பெண்ணின் விரலுக்குத்தான் முதலில் போனது.

"ஏம்மா, இது அந்தக் கண்ணாடி மோதிரமில்ல?"

கல்யாணசுந்தரி சிரித்தாள். "தட்டையா வச்சுத் தேய்ச்சா வைரமும் வழுக்கத்தான்க்கா செய்யும். முனையால இழுக்கணும்னு எனக்குக் கத்துக்குடுத்ததே இவருதான்."

சொல்லிக்கொண்டே, பால் பாத்திரத்துக்கு அடியில் கிடந்த அதே டைல்ஸை உருவி, மோதிரத்தைச் சாய்த்து ஓர் இழுப்பு இழுத்தாள். ஓரத்திலிருந்து ஓரம் வரை பளிச்சென்று விழுந்தது கோடு.